கால் வீங்கியிருக்கு, சுடுது... ஆனா வலிக்கலையா? சர்க்கரை நோயாளிகளின் பாத எலும்பை நொறுக்கும் 'சார்கோ பாதம்'!

ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. தொட்டுப் பார்த்தால் இன்னொரு காலைவிடச் சூடாக இருக்கிறது. லேசாகச் சிவந்தும் இருக்கிறது. "வலிக்குதாப்பா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, லேசா மதமதன்னு இருக்கு, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். வீட்டில் யாரும் அதற்குமேல் கேட்பதில்லை. வலிக்காத வீக்கத்துக்கு யார் டாக்டரிடம் போவார்கள்?

பத்துப் பதினைந்து வருடங்களாகச் சர்க்கரை நோய் இருக்கிற ஒருவருக்கு இப்படி ஆனால், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். அவருடைய பாதத்துக்குள் எலும்புகள் ஒவ்வொன்றாக நொறுங்கிக்கொண்டிருக்கலாம். அவர் வைக்கிற ஒவ்வொரு அடியும் அதை இன்னும் நொறுக்கலாம். வலி இல்லாததுதான் இங்கே பயப்பட வேண்டிய விஷயம்.

இந்தப் பிரச்னையின் பெயர் 'சார்கோ பாதம்'. சர்க்கரை நோயால் நரம்பு கெட்டுப்போன பிறகு எலும்பையும் மூட்டையும் தாக்கும் பாதிப்பு. அடிக்கடி வருவதில்லை. ஆனால், வந்தவர்களில் பலருக்கு அது சுளுக்கு, கிருமித்தொற்று, யூரிக் ஆசிட் என்று வேறு பெயர்களில் வாரக்கணக்கில் மருந்து கொடுக்கப்படுகிறது. அந்த வாரங்களில்தான் பாதத்தின் வடிவமே மாறிப்போகிறது.

புதுச்சேரிக்காரர்கள் ஏன் கவனிக்கணும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுக்க நடத்திய சர்க்கரை நோய் ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது சொன்னது. தேசிய சராசரி 11.4 சதவிகிதம். புதுச்சேரியில்? 26.3 சதவிகிதம். 26.4 சதவிகிதத்துடன் கோவா முதலிடம், அடுத்தது நம்ம புதுச்சேரிதான். அதாவது, 20 வயதைத் தாண்டியவர்களில் நான்கு பேரில் ஒருவருக்கு மேல்.

இதை மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கும் காட்டேரிக்குப்பம் மாதிரி ஓர் ஊரில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் கரும்பும் நெல்லும். பக்கத்தில் லிங்காரெட்டிப்பாளையத்தில் ஓடாமல் நிற்கும் கூட்டுறவு சர்க்கரை ஆலை. சேற்றில் இறங்கி வேலை பார்க்கிறவர்கள், வரப்பில் வெறுங்காலோடு நடக்கிறவர்கள், சேதராப்பட்டு, திருபுவனை கம்பெனிகளில் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே இருப்பவர்கள். காலை நம்பித்தான் பிழைப்பு. ஆடி மாதம் தீமிதி, பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் என்று நேர்த்திக்கடனும் வெறுங்காலில்தான். இப்படிப்பட்ட ஊரில் காலில் உணர்ச்சி குறைந்த ஒருவர், தனக்கு உணர்ச்சி குறைந்திருப்பதே தெரியாமல் நடமாடினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

காவல்காரன் தூங்கிவிட்டால்...

ரத்தத்தில் சர்க்கரை பல வருடங்கள் அதிகமாகவே இருந்தால், நரம்புகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் மெல்லிய குழாய்களும் கெட ஆரம்பிக்கும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் பாதிப்பு பொதுவாகக் கால்விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். இதைத்தான் டாக்டர்கள் 'டயாபடிக் நியூரோபதி' என்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் இது வரலாம்.

சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துகிற மாதிரி வலி. சிலருக்குப் "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு." சிலருக்கு எதுவுமே தெரியாது. செருப்பு கழன்று விழுந்ததைக்கூடப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

உணர்ச்சி நரம்போடு இது நிற்பதில்லை. பாதத்தின் சின்னச் சின்னத் தசைகளை இயக்கும் நரம்பும் கெடுவதால், விரல்கள் மடங்கி, எடை தவறான இடத்தில் இறங்கும். வியர்வையையும் ரத்தக்குழாயையும் கட்டுப்படுத்தும் நரம்பும் கெடுவதால், தோல் வறண்டு வெடிக்கும். பாத எலும்புகளுக்குள் ரத்த ஓட்டம் தேவைக்கு அதிகமாகப் பாயும்.

நமக்குப் பாதம் லேசாகப் பிசகினாலே சுருக்கென்று வலிக்கும். உடனே நொண்டுவோம், உட்காருவோம். அந்த வலிதான் காவல்காரன். காவல்காரன் தூங்கிவிட்டால், உள்ளே ஓர் எலும்பு விரிசல் விட்டாலும் ஆள் நடந்துகொண்டே இருப்பார்.

பாதத்துக்குள் நடப்பது என்ன?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், முப்பதுக்கும் மேற்பட்ட மூட்டுகள். நடுவில் ஒரு வளைவு. பழைய கல் மண்டபத்தின் வளைவு மாதிரி, ஒவ்வொரு கல்லும் அடுத்த கல்லைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

சார்கோவில் முதலில் ஒரு சின்ன அடி. படியில் கால் பிசகியது, வரப்பில் சறுக்கியது என்று ஏதாவது. பல நேரங்களில் அது நினைவில்கூட இருக்காது. அடிபட்ட இடத்தில் அழற்சி உண்டாகிறது. சாதாரணமாக வலி வந்து, ஓய்வு கொடுத்து, அழற்சி அடங்கிவிடும். இங்கே ஓய்வே கிடைக்காது. அழற்சி தொடரும்போது, எலும்பைக் கரைக்கும் செல்கள் தூண்டப்படுகின்றன. நம் எலும்பு எப்போதும் ஒரு பக்கம் கரைந்து, ஒரு பக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிற உயிருள்ள பொருள். கட்டுவதைவிடக் கரைப்பது வேகமானால் எலும்பு மெலிந்துபோகும். மெலிந்த எலும்பின் மேல் முழு உடம்பு எடையும் இறங்கினால் உடையும். உடைந்தால் அழற்சி இன்னும் கூடும். ஒன்றை ஒன்று துரத்தும் இந்தச் சுழல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெரும்பாலும் அடி வாங்குவது பாதத்தின் நடுப்பகுதி. வளைவின் கற்கள் சரிந்து, உள்ளங்கால் மேலே குழிவாக இருப்பதற்குப் பதில் கீழே புடைத்துக்கொண்டு, தோணியின் அடிப்பாகம் மாதிரி ஆகிவிடும். இனி நடக்கும்போது எடை முழுவதும் அந்தப் புடைப்பில்தான். அங்கே காய்ப்பு, காய்ப்புக்கு அடியில் புண், புண்ணில் கிருமி, கிருமி எலும்புக்கு இறங்குவது... காலை எடுக்க வேண்டியிருக்கிறது என்று டாக்டர் சொல்லும் பல கதைகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

யார் அந்தச் சார்கோ?

ஜான் மார்ட்டின் சார்கோ, பாரிஸின் சல்பேத்ரியேர் மருத்துவமனையில் வேலை பார்த்த பிரெஞ்சு நரம்பியல் டாக்டர். சிஃபிலிஸ் நோய் முதுகுத்தண்டைத் தாக்கிய நோயாளிகளுக்கு மூட்டுகள் வலியில்லாமலே சிதைவதை 1868-ல் விவரித்தார். (ரிப்போர்ட்டில் கடைசியில் 'டி' போட்டு எழுதியிருக்கும். பிரெஞ்சுப் பெயர் என்பதால் அதை உச்சரிக்கக் கூடாது. புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதை எழுதியபோது காட்டேரிக்குப்பமும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.) சர்க்கரை நோயாலும் இது வரும் என்பதை அமெரிக்க டாக்டர் ஜோர்டன் 1936-ல் எழுதினார். இன்றைக்குச் சார்கோ பாதம் வர முக்கியக் காரணமே சர்க்கரை நோய்தான்.

கொல்லிமலையில் பிறந்த ஒருவர் சொன்ன பாடம்

'வலி இல்லாதது எவ்வளவு ஆபத்து' என்று உலகத்துக்குப் புரியவைத்த டாக்டர் ஒருவர் நம் ஊர்ப்பக்கம் பிறந்தவர். பால் பிராண்ட். மிஷனரி பெற்றோருக்கு 1914-ல் கொல்லிமலையில் பிறந்தார். இங்கிலாந்தில் படித்து, 1946-ல் வேலூர் சி.எம்.சி-க்கு அறுவை சிகிச்சை டாக்டராக வந்தார். அன்றைக்குத் தொழுநோய் வந்தவர்களின் கைகால் விரல்கள் 'அழுகி விழும்' என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். பிராண்ட் கவனித்துப் பார்த்தார். திறக்க முடியாத ஒரு துருப்பிடித்த பூட்டை, ஒரு சிறுவன் சாவியை வெறும் விரலால் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் சதை எலும்பு தெரியக் கிழிந்திருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

நோய் விரலைத் தின்னவில்லை. நோய் நரம்பைக் கெடுத்தது. வலி தெரியாததால் அன்றாட வேலைகளே விரலைத் தின்றன. இதுதான் பிராண்ட் கண்டுகொண்டது. கால் புண்ணுக்கு மருந்தைவிட முக்கியம், அந்த இடத்தில் எடை இறங்காமல் பார்த்துக்கொள்வது என்றார். மாவுக்கட்டு, மென்மையான ரப்பர் வைத்த செருப்பு என்று வேலூரில் பழகிய வழிகளை, 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது கொண்டுபோனார். தொழுநோய்ப் பாதமும் சர்க்கரைப் பாதமும் உணர்ச்சி இழந்த விதத்தில் ஒன்றுதான் என்பதால், அதே வழிகள் சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் வந்தன. இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படும் எம்.சி.ஆர் செருப்பு, தொழுநோயாளிகளின் பாதத்தைக் காப்பாற்றியதும் கூட.

ஏன் இதைத் தவறவிடுகிறோம்?

காரணம் எளிது. இது நான்கு வேறு நோய்களைப் போலவே இருக்கும்.

• சுளுக்கு மாதிரி: "சுளுக்கு வழிச்சா சரியாயிடும்" என்று எண்ணெய் போட்டு நீவிவிடுவார்கள். உடைந்துகொண்டிருக்கும் எலும்பை நீவினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

• கிருமித்தொற்று மாதிரி: சிவப்பு, சூடு, வீக்கம் மூன்றும் இருப்பதால் ஆன்டிபயாடிக் எழுதப்படும். சார்கோவில் பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது, தோலில் புண் இருக்காது. படுத்து, காலைத் தலையணை மேல் ஐந்து பத்து நிமிடம் உயர்த்தி வைத்தால் சிவப்பு குறையலாம். கிருமித்தொற்றில் அப்படிக் குறையாது. (இதை வைத்து வீட்டிலேயே முடிவுக்கு வர வேண்டாம். டாக்டரிடம் சொல்ல ஒரு தகவல், அவ்வளவுதான்.)

• யூரிக் ஆசிட் மாதிரி: ஆனால், யூரிக் ஆசிட் வீக்கம் என்றால் போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

• ரத்தக்கட்டு மாதிரி: காலின் ஆழமான ரத்தக்குழாயில் கட்டி அடைத்தாலும் ஒரு கால் மட்டும் வீங்கும். இதுவும் அவசரம்தான். ஸ்கேன் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

இன்னொரு பொறி, எக்ஸ்ரே. ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே இருக்கலாம். "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே" என்று நிம்மதியாகத் திரும்பி நடந்து வருபவர்தான், ஆறு வாரம் கழித்து உடைந்த எலும்புகளோடு வருவார். சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ ஆரம்பத்திலேயே காட்டிக்கொடுக்கும். சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்வதும் இதுதான்: சர்க்கரை நோய், உணர்ச்சிக்குறைவு, ஒரு காலில் மட்டும் சூடான வீக்கம், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால், ஸ்கேன் வரும்வரை காத்திருக்காமல் அந்தக் காலில் எடை இறங்குவதை நிறுத்திவிட வேண்டும்.

சிகிச்சை: மாத்திரை அல்ல, மாவுக்கட்டு

இதைக் குணப்படுத்த என்று தனியாக மாத்திரை கிடையாது. எலும்பு மறுபடி கெட்டிப்படும்வரை அதன் மேல் எடை இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சை. அதற்கு முக்கியமான கருவி, முழங்காலுக்குக் கீழ் தொடங்கிப் பாதம் முழுவதும் மூடும் 'டோட்டல் கான்டாக்ட் காஸ்ட்'. சாதாரண மாவுக்கட்டில் பஞ்சு நிறைய வைப்பார்கள். இதில் பஞ்சு குறைவு. பாதத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்தோடும் ஒட்டி வார்த்திருப்பார்கள். அதனால் எடை ஒரே இடத்தில் குவியாமல் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால் வரையும் பரவும்.

கட்டுப் போடுவதற்கு முன் காலின் ரத்த ஓட்டத்தைச் சோதிக்க வேண்டும். வீக்கம் வடிய வடியக் கட்டு தளர்ந்துவிடும் என்பதால், முதல் கட்டைச் சில நாள்களிலேயே மாற்றி, பிறகு வாரத்துக்கு ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ மாற்றுவார்கள். கழற்ற முடியாத கட்டுதான் நல்லது. கழற்ற முடிந்தால் கழற்றிவிடுவோம், அதுதான் மனித இயல்பு! கட்டு போட முடியாத நிலையில் முழங்கால் உயர வாக்கர் பூட் கொடுப்பார்கள். அதை வீட்டுக்குள்ளேயும் போட்டிருக்க வேண்டும். கணுக்காலுக்குக் கீழே நிற்கும் செருப்போ ஷூவோ இந்தக் கட்டத்தில் போதாது.

எத்தனை நாள்? பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். சிலருக்கு ஒரு வருடம்வரை. இரண்டு பாதங்களின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகி, வீக்கம் வடிந்து, எக்ஸ்ரேயில் எலும்பு கூடிவருவது தெரிந்த பிறகுதான் கட்டைப் பிரிப்பார்கள். அதன்பின் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த செருப்பு, வாழ்நாள் முழுக்க. பாதம் ஏற்கெனவே கோணலாகிவிட்டவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும்.

"ஆறு மாசம் நடக்காம இருந்தா சோறு யார் போடுவாங்க?"

நியாயமான கேள்வி. கூலி வேலைக்குப் போகிறவரிடம் காலைக் கீழே வைக்காதே என்று சொல்வது, சம்பளத்தை விட்டுவிடு என்று சொல்வதுதான். இந்தச் சிகிச்சை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கட்டோடு வயலுக்குப் போவது, ஈரமாக்கிக்கொள்வது, ரெண்டாவது மாதமே "இப்போ வீக்கம் இல்லையே" என்று பிரித்துவிடுவது எல்லாம் சோம்பலால் நடப்பதில்லை, வயிற்றுப்பாட்டால் நடக்கிறது.

அதனால் டாக்டரிடம் கேட்பதோடு நிற்காமல், வீட்டிலும் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த மாதங்களுக்கு உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை ஏதாவது உண்டா? கம்பெனி வேலை என்றால், நிற்காத இடத்துக்கு மாற்றச் சொல்லி மருத்துவச் சான்றிதழ் வாங்கலாமா? கழிவறை வெளியே இருந்தால், கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி போட முடியுமா? வாராவாரம் கட்டு மாற்ற பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் யார் கூடப் போவது? பிள்ளைகள் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இதுதான். ஆறு மாதம் வருமானம் போவது பெரிய இழப்பு. ஆனால், நடந்துகொண்டே இருந்தால் வரக்கூடிய இழப்பு ஆறு மாதத்தோடு முடியாது.

ஒரு நிமிட டெஸ்ட்: வீட்டிலேயே செய்யலாம்

பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று டாக்டர்கள் 10 கிராம் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையாலும், அதிர்வு பார்க்கும் ட்யூனிங் ஃபோர்க்காலும் சோதிப்பார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் செய்ய 'இப்ஸ்விச் டச் டெஸ்ட்' என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கு ராத்திரியே அப்பா, அம்மாவுக்குச் செய்து பார்க்கலாம்.

1. அவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்ததும் வலதா, இடதா என்று சொல்லச் சொல்லுங்கள்.

2. உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் அவரின் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டு கால்களிலும் சேர்த்து ஆறு இடங்கள். வரிசை மாற்றி மாற்றித் தொடுங்கள்.

3. ஒன்றிரண்டு விநாடி பூப்போலத் தொட்டால் போதும். அழுத்தாதீர்கள், தட்டாதீர்கள், குத்தாதீர்கள். தெரியவில்லை என்றால் இன்னொரு முறை முயற்சி செய்யாதீர்கள்.

4. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு உண்டு. முறையான பாதப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.

உணர்ச்சி குறைந்தவர் என்று தெரிந்துவிட்டால், தினமும் இரண்டு பாதங்களையும் பார்ப்பது பழக்கமாகட்டும். குனிய முடியாதவர்களுக்கு உங்கள் போன் இருக்கிறதே! உள்ளங்காலைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுச் சூட்டை ஒப்பிடுங்கள். தோலின் சூட்டை அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால், ஒரே இடத்தில் இரண்டு பாதங்களையும் அளந்து பாருங்கள். 2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

செய்யவே கூடாதவை

• வெந்நீர் ஒத்தடம், வெந்நீரில் கால் ஊறவைப்பது வேண்டாம். சூடு தெரியாத காலில் தோல் வெந்துபோகும்.

• எண்ணெய் நீவுதல், சுளுக்கு வழித்தல், நாட்டுக்கட்டு வேண்டாம்.

• ஆணிக்காலையும் காய்ப்பையும் பிளேடால் சீவ வேண்டாம்.

• வீட்டுக்குள்ளேயும் வெறுங்கால் வேண்டாம். உள்ளே போட ஒரு ஜோடி, வெளியே போட ஒரு ஜோடி வைத்துக்கொள்ளலாம்.

• உணர்ச்சி இல்லாத காலோடு தீமிதியும் வெறுங்கால் கிரிவலமும் வேண்டாம். வேண்டுதலை அபிஷேகமாகவோ அன்னதானமாகவோ மாற்றிக்கொண்டால் சாமி கோபித்துக்கொள்ளாது.

டாக்டரிடம் என்ன சொல்லணும்?

முதலில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். அங்கிருந்து கோரிமேடு ஜிப்மர், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் உள்ள எலும்பு மூட்டுப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். காய்ச்சல், சீழ், புண், கெட்ட வாடை ஏதாவது இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள்.

"கால் வீங்கியிருக்கு சார்" என்று மட்டும் சொன்னால் வீக்கத்துக்கு மாத்திரை கிடைக்கலாம். இப்படிச் சொல்லுங்கள்: "அப்பாவுக்கு இத்தனை வருஷமா சுகர் இருக்கு. பாதத்துல உணர்ச்சி கம்மி. ஒரு கால் மட்டும் இத்தனை நாளா சூடா வீங்கியிருக்கு, வலி பெருசா இல்ல. இது சார்கோவா இருக்குமா?" இந்த நாலு வரியை இப்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்துக் கட்டுப் போட்டால், பாதம் வடிவம் மாறாமலே எலும்பு கூடிவர வாய்ப்பு அதிகம்.